சிம்பன்சியோடு ஒரு மணி நேரம்: ஒரு காட்டுப் பயணம் பிறந்த கதை

உகாண்டாவின் மேற்குப் பகுதியில், போர்ட் போர்ட்டல் ஊருக்குத் தென்கிழக்கே இருக்கிறது கிபாலே காடு. அதற்குள் கன்யாஞ்சு என்று ஓரிடம். சிம்பன்சி பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். வனக் காவலர் ஒருவர் முன்னால் நின்று விதிகளைச் சொல்கிறார். சளி, இருமல், காய்ச்சல் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். சிம்பன்சி இருக்கும் இடத்தில் எதையும் தின்னக் கூடாது, துப்பக் கூடாது. முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது. அது நம் பக்கமாக நடந்து வந்தால் நாம்தான் விலக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு அனுமதியே கிடையாது. கண்ணில் பட்ட நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், அவ்வளவுதான். இதற்காக வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கட்டும் கட்டணம், 2024 ஜூலை முதல் 250 டாலர்.

பிறகு சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து நடக்கிறார்கள். மேலே எங்கோ பெரிய நீலத் துராக்கோப் பறவை கரகரக்கிறது. உச்சிக் கிளைகளில் செந்நிறக் கொலபஸ் குரங்குகள் தாவுகின்றன. கறுப்பு வெள்ளைக் கொலபஸ், சாம்பல் கன்னத்து மங்காபே, செவ்வால் குரங்கு, லோயெஸ்ட் குரங்கு என்று இந்த ஒரு காட்டில் மட்டும் 13 வகைக் குரங்கினங்கள் இருக்கின்றன. காட்டு யானையின் தடமும் சேற்றில் தெரியும். ஆனால் எல்லாருடைய காதும் வேறு சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. மெல்ல ஊளையாகத் தொடங்கி, மூச்சு வாங்கி வாங்கி உயர்ந்து, கடைசியில் அலறலாக வெடிக்கும் கூவல். கூடவே பலகை வேரில் கைகால்களால் அறையும் பறைச்சத்தம்.

அத்தி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது ஒரு பெரிய ஆண் சிம்பன்சி. வாய் நிறையப் பழத்தை அதக்கி, கீழுதட்டை முன்னே நீட்டிச் சாற்றைப் பிழிந்து உறிஞ்சிவிட்டு, சக்கையைத் துப்புகிறது. வந்து நிற்கும் மனிதக் கூட்டத்தை ஒரு தடவை பார்க்கிறது. பிறகு அடுத்த பழத்துக்குக் கை நீட்டுகிறது.

அது ஓடவில்லை. விசேஷம் அதில்தான் இருக்கிறது. காட்டில் பிறந்து காட்டில் வளர்ந்த விலங்கு மனிதனைக் கண்டால் ஓட வேண்டும், இல்லையென்றால் பாய வேண்டும். இரண்டும் செய்யாமல் தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும் சிம்பன்சி இயற்கையாக அமைவதில்லை. மனிதர்கள் பல ஆண்டு பாடுபட்டு உண்டாக்கிய நிலை அது. அதன் கதை ஒரு கூண்டில் தொடங்கி, வாழைப்பழத்தில் தடுமாறி, கொரில்லாவிடம் கணக்குக் கற்றுக்கொண்டு, முகக்கவசத்தில் வந்து நிற்கிறது.

கூண்டுக்குள் மனிதன்

1893-ல் ரிச்சர்ட் லிஞ்ச் கார்னர் என்ற அமெரிக்கர், இன்றைய காபோன் நாட்டின் ஃபெர்னான் வாஸ் ஏரிப் பக்கத்துக் காட்டில் ஓர் இரும்புக் கூண்டைப் பொருத்தினார். அமெரிக்க மிருகக்காட்சிச் சாலைகளில் குரங்குகளின் குரலை ஃபோனோகிராஃபில் பதிந்து, அவற்றுக்கும் பேச்சு உண்டு என்று வாதாடி வந்தவர் அவர். காட்டுக்குள்ளேயே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். சுமார் ஆறரை அடி உயரம், அதே அளவு நீள அகலம். அந்தக் கூண்டுக்குக் 'கொரில்லாக் கோட்டை' என்று பெயரும் வைத்தார். விலங்கை வெளியே விட்டுத் தான் உள்ளே உட்கார்ந்தார். அப்படி 112 நாள்.

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பியரும் அமெரிக்கரும் காட்டு வாலில்லாக் குரங்குகளை அறிந்ததெல்லாம் துப்பாக்கி முனையில்தான். சுட்டுக் கொன்று தோலை உரித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள். தாயைச் சுட்டுக் குட்டியைப் பிடித்து விற்பார்கள். கொல்லாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒருவர் நினைத்ததே அன்றைக்குப் புதுமை. கூண்டு அவரைக் காப்பாற்றியது. ஆனால் கூண்டருகே வந்த விலங்குகள் நொடியில் மறைந்தன. அவை ஏன் ஓடுகின்றன, ஓடாமல் இருக்க என்ன செய்வது என்ற கேள்விக்குக் கூண்டிடம் பதில் இல்லை.

1930-ல் ஹென்றி நிஸ்ஸன் என்ற உளவியலாளர் பிரெஞ்சு கினிக்குப் போய்ச் சில மாதங்கள் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்தார். 1960-ல் டச்சுக்காரரான அட்ரியான் கோர்ட்லாண்ட், பெல்ஜியக் காங்கோவில் பப்பாளியும் வாழையும் பயிரிட்ட தோட்டத்தின் ஓரம் மறைவிடங்கள் கட்டி ஒளிந்திருந்து பார்த்தார். ஒளிந்து பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வேட்டைக்காரனும் அதைத்தான் செய்கிறான். மறைவில் ஒரு கிளை முறிந்தால் போதும், சிம்பன்சிக்கு அது வேட்டைக்காரனாகத்தான் படும்.

ஒளியாமல் உட்கார்ந்தவர்

அதே 1960-ல், ஜூலை 14-ஆம் தேதி, இன்றைய தான்சானியாவில், டாங்கனிக்கா ஏரிக் கரையில் கொம்பே என்ற சின்ன வனவிலங்குக் காப்பகத்தில் படகிலிருந்து இறங்கினார் ஜேன் குடால். வயது 26. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. நைரோபியில் இருந்த தொல்மானுட ஆய்வாளர் லூயிஸ் லீக்கி அனுப்பிவைத்திருந்தார். தனியாக ஒரு வெள்ளைக்காரப் பெண் காட்டில் தங்குவதை அன்றைய பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒப்பவில்லை. அதனால் அம்மாவும் கூட வந்தார். சமையலுக்கு ஓர் ஆள்.

முதல் சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் இருக்கும் சிம்பன்சிகள்கூட, நானூறு ஐநூறு மீட்டர் தூரத்தில் இவரைக் கண்டவுடன் மறைந்துவிடும். நடுவில் தாய்க்கும் மகளுக்கும் மலேரியா வேறு. காய்ச்சல் விட்டதும் குடால் ஒரு மலைமுகட்டைக் கண்டுபிடித்தார். இரண்டு பள்ளத்தாக்குகள் அங்கிருந்து தெரியும். தினமும் காலையில் அங்கே ஏறி, மங்கிய நிற உடையில், தொலைநோக்கியோடு உட்கார்ந்துவிடுவார். ஒளியவில்லை. 'நான் இங்கேதான் இருக்கிறேன், உன்னைத் துரத்தப் போவதில்லை' என்று உடம்பாலேயே சொல்வதுபோல அதே இடத்தில், அதே மாதிரி, நாள் தவறாமல். ஓராண்டுக்கு முன்பு விருங்கா மலைகளில் கொரில்லாக்களைப் பார்க்கப் போன ஜார்ஜ் ஷாலரும் இதே வழியைத்தான் பிடித்திருந்தார்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. பார்க்கிறவன் மறையக் கூடாது. பார்க்கப்படுவது சலித்துப்போகும் அளவுக்குத் தன்னைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபத்தில்லாத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டால் எந்த விலங்கும் ஒரு கட்டத்தில் அதைச் சட்டை செய்வதை விட்டுவிடும். வனவிலங்கு ஆய்வாளர்கள் இதைப் 'பழக்கப்படுத்துதல்' என்கிறார்கள். வீட்டு விலங்கைப் பழக்குவது வேறு. அதற்கு மனிதன்மேல் பாசமோ பயமோ வர வேண்டும். காட்டு விலங்கு மனிதனை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் போக வேண்டும்.

கொம்பேயில் அப்படி முதலில் அச்சம் விட்டது வெள்ளைத் தாடி வைத்த ஓர் ஆண் சிம்பன்சி. டேவிட் கிரேபியர்ட் என்று குடால் பெயரிட்டார். 1960 நவம்பரில் அது கறையான் புற்றில் புல் தண்டை விட்டு, ஒட்டிக்கொண்டு வரும் கறையானை உதட்டால் உருவித் தின்பதை அவர் பார்த்தார். கருவி செய்வது மனிதனுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் அதோடு போயிற்று. உலகம் இதைத்தான் அதிகம் பேசியது. ஆனால் நம் கதைக்கு வேண்டியது வேறொன்று. டேவிட் ஓடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அதனுடன் வந்த மற்றவையும் ஓடாமல் நின்றன. ஒரு சிம்பன்சி விட்ட அச்சம் இன்னொன்றுக்கும் விட்டுப்போகும்.

வாழைப்பழம் செய்த வேலை

எண்ணெய்ப் பனையின் பழத்துக்காக முகாமுக்கே வந்த டேவிட், ஒருநாள் அங்கிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. அது மறுபடி வந்தால் இருக்கட்டும் என்று பழம் வைத்தார்கள். அது மற்றவற்றையும் அழைத்து வந்தது. படம்பிடிக்க வந்த ஹியூகோ வான் லாவிக்குக்கும் இது வசதியாக இருந்தது. மலை மலையாக அலைந்து தேட வேண்டியவை வாசலுக்கே வரும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்? 1963 வாக்கில் அது ஒழுங்கான வாழைப்பழ நிலையமாகிவிட்டது. நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் அதே ஆண்டு கட்டுரை வந்தது. 1965-ல் தொலைக்காட்சிப் படம். காட்டுச் சிம்பன்சியை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். பார்க்கும் ஆசை பிறந்ததும் அப்போதே.

கூடவே விபரீதமும் பிறந்தது. காட்டில் சிம்பன்சிகள் கூட்டமாகவே இருப்பதில்லை. ஐம்பது அறுபது உறுப்பினர் கொண்ட சமூகம் என்றாலும் பகலில் இரண்டு, ஐந்து, பத்து என்று பிரிந்து பழுத்த மரங்களைத் தேடிப் போய்விடும். பிரிவதும் சேர்வதுமே அவற்றின் வாழ்க்கை முறை. வாழைப்பழம் அத்தனையையும் ஒரே முற்றத்தில் குவித்தது. சண்டை மிகுந்தது. பபூன்களும் பங்குக்கு வந்தன. கான்கிரீட் பெட்டிகள் செய்து, இரும்பு மூடி போட்டு, தூரத்திலிருந்து கம்பியை இழுத்துத் திறக்கும் ஏற்பாடு செய்தார்கள். சில சிம்பன்சிகள் அதையும் திறக்கக் கற்றுக்கொண்டன. மைக் என்ற ஆண், முகாமிலிருந்து எடுத்த காலி மண்ணெண்ணெய் டின்களை உருட்டி இரைச்சல் எழுப்பியே எல்லாரையும் மிரட்டித் தலைவனானது. 1960-களின் கடைசியில் பழம் வைப்பதை வெகுவாகக் குறைத்தார்கள். முழுதாக நிறுத்தியது 2000-ல்.

அதைவிடப் பெரிய பாடம் 1966-ல் கிடைத்தது. அந்த வட்டாரத்து மனிதர்களிடையே போலியோ பரவியது. கொஞ்ச நாளில் கொம்பே சிம்பன்சிகளில் சிலவற்றின் கைகால்கள் முடங்கின, சில இறந்தன. மெக்ரெகர் என்று பெயர் வைத்திருந்த கிழட்டு ஆணுக்கு இரண்டு கால்களும் போயின. கைகளால் உந்தி உந்தி உடம்பைத் தரையில் இழுத்துக்கொண்டு முகாமுக்கு வந்தது. இனித் தேறாது என்றானதும், அதன் வேதனையை முடித்துவைக்க அதைச் சுட வேண்டியிருந்தது. மிஞ்சியவற்றுக்குப் போலியோ சொட்டு மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தார்கள்.

சிம்பன்சிக்கும் நமக்கும் உடலளவில் இடைவெளி மிகக் குறைவு. நமக்கு வரும் நோய் அதற்கும் வரும். அதற்கு மட்டும் மருந்துக்கடை கிடையாது. அச்சம் இருந்தவரை ஐநூறு மீட்டர் தூரமே வேலியாக இருந்தது. அச்சத்தை எடுத்தபோது அந்த வேலியும் போயிற்று.

கரும்பும் கொட்டை உடைக்கும் ஓசையும்

கொம்பேக்குத் தெற்கே, அதே ஏரிக் கரையில் மஹாலே மலைகள். 1965-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தோஷிசாதா நிஷிதா அங்கே வந்தார். அவர் கையில் எடுத்தது கரும்பு. மறு ஆண்டே ஒரு கூட்டம் கரும்பு தின்ன வந்தது. 1968-ல் இன்னொரு கூட்டம். அந்த மண்ணின் மைந்தர்களான டோங்வே மக்கள்தான் வழிகாட்டிகள், தடம் பார்ப்பவர்கள், மரம் செடி கொடிகளின் பெயர் சொன்னவர்கள். மஹாலே 1985-ல் தேசியப் பூங்காவானது. 1987-ல் உணவு வைப்பதை நிறுத்தினார்கள். அதற்குள் சிம்பன்சிகள் மனிதர்களைக் கண்டு பழகியிருந்தன. கரும்பு இல்லாமலே பின்தொடர முடிந்தது.

உணவே வைக்காமல் முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் கிறிஸ்டோஃப் போஷ், ஹெட்விகே போஷ் தம்பதி. 1979-ல் ஐவரி கோஸ்ட்டின் டாயி காட்டில் தொடங்கினார்கள். அடர்ந்த மழைக்காடு, முகட்டில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும் வசதியெல்லாம் அங்கே இல்லை. காதுதான் வழிகாட்டி. அங்குள்ள சிம்பன்சிகள் கல்லாலும் மரக்கட்டையாலும் கொட்டைகளை வேர்மேல் வைத்து உடைக்கும். 'டொக் டொக்' என்று ஓசை வந்த பக்கம் போவார்கள். போய்ச் சேர்வதற்குள் உடைத்த ஓடுகள்தான் மிஞ்சியிருக்கும். சிம்பன்சிகள் அவர்களை நம்பி நிற்க ஐந்தாண்டு ஆயிற்று.

நேர்வழி நீளமானது என்று அதிலிருந்து தெரிந்தது. லஞ்சம் கொடுத்தால் சீக்கிரம் வரும், குணம் கெடும். கொடுக்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு திருப்பமும் கொம்பேயில்தான் நேர்ந்தது. 1975 மே மாதம் ஏரிக்கு அக்கரையிலிருந்து வந்த காங்கோக் கிளர்ச்சிக்காரர்கள் நான்கு மாணவர்களைக் கடத்திச் சென்றார்கள். அவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டாலும், வெளிநாட்டு மாணவர்கள் கொம்பேயில் தங்கும் காலம் அதோடு முடிந்தது. ஆய்வு நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதுவரை உதவியாளர்களாக இருந்த ஹிலாலி மாதாமா போன்ற தான்சானியர்கள் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விடாமல் நடத்தினார்கள். காட்டில் தினம் தினம் சிம்பன்சியின் பின்னால் போகிறவர் பக்கத்துக் கிராமத்துக்காரராக இருக்க வேண்டும் என்பது அங்கே நிலைபெற்றது. இன்று ஆப்பிரிக்கக் காடுகளில் பயணிகளுக்கு முன்னால் நடக்கும் தடம் பார்ப்பவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

கொரில்லா கற்றுக்கொடுத்த கணக்கு

இதுவரை வந்ததெல்லாம் ஆய்வாளர்கள். டிக்கெட் எப்படி வந்தது?

அது கொரில்லாவின் உபயம். ருவாண்டாவின் எரிமலைத் தேசியப் பூங்காவில் ஒரு பெரிய பகுதியை 1960-களின் இறுதியில் பைரித்ரம் என்ற பூச்சிக்கொல்லிப் பூப்பயிருக்கு எடுத்துக்கொண்டார்கள். எஞ்சியதிலும் ஒரு பகுதியை மாட்டுப் பண்ணையாக்கலாம் என்ற யோசனை 1970-களின் கடைசியில் எழுந்தது. நிலமில்லா ஏழை நாட்டில் அது நியாயமில்லாத யோசனை என்று சொல்லிவிட முடியாது. அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த பில் வெபரும் ஏமி வெடரும் எதிர்க்கணக்கு ஒன்று போட்டார்கள்: மாட்டைவிட உயிரோடு இருக்கும் கொரில்லா அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும். 1979-ல் மலைக் கொரில்லாத் திட்டம் தொடங்கியது. ஆறேழு பேருக்குமேல் போகக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குமேல் நிற்கக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் நுழையக் கூடாது. இன்றைக்குக் கிபாலேயில் வனக் காவலர் சொல்லும் விதிகளுக்கு மூலம் இதுதான்.

கட்டுப்பாட்டில் ஒரு வியாபார நுட்பமும் இருந்தது. இடம் கொஞ்சமே இருந்தால் விலை கூடும். குறைந்த கூட்டம், நிறைந்த வருமானம். விலங்குக்கும் தொந்தரவு குறைவு.

1986-க்குப் பிறகு, நீண்ட போர்களிலிருந்து தலையெடுத்த உகாண்டா இதைக் கவனித்தது. சர்வாதிகாரி இடி அமினின் ஆட்சியிலும் அதற்குப் பின்னும் அங்கே சுற்றுலா அடியோடு படுத்துவிட்டிருந்தது. ஆனால் காடு இருந்தது. கிபாலே 1932 முதல் காப்புக் காடு. வனத்துறை மரம் வெட்டி விற்ற காடு. 1970-லிருந்து அங்கே தாமஸ் ஸ்ட்ரூசேக்கர் குரங்குகளை ஆராய்ந்துவந்தார். கன்யவாரா என்ற இடத்தில் உகாண்டா ஆய்வாளர் கில்பர்ட் இசபிர்யே-பசுட்டா சிம்பன்சிகளைப் பழக்கத் தொடங்கியிருந்தார். 1987-ல் ரிச்சர்ட் ராங்ஹாம் அதைத் தொடர்ந்தார். ஆக, கிபாலேயில் இது முடிகிற காரியம் என்பது முன்பே தெரிந்திருந்தது. 1991-ல் கன்யாஞ்சுவில், இந்தத் தடவை நேரடியாகப் பயணிகளுக்காக, ஒரு கூட்டத்தைப் பழக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டே பயணிகள் வந்தார்கள். 1993-ல் கிபாலே தேசியப் பூங்காவானது.

தினசரி வேலை

பழக்குவது என்றால் அன்றாடம் என்ன நடக்கும்? சிம்பன்சிகள் ஒவ்வொரு சாயங்காலமும் மரத்தில் கிளைகளை வளைத்துப் புதுப் படுக்கை கட்டிப் படுக்கும். அந்த மரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். மறுநாள் இருட்டு விலகுவதற்குள் அந்த மரத்தடிக்குப் போய்விட வேண்டும். எழுந்ததும் அவை மேலிருந்தே மூத்திரம் பெய்யும்; கொஞ்சம் தள்ளி நிற்பது உத்தமம். இறங்கி ஓடும். பின்னால் போக வேண்டும்; ஆனால் துரத்தக் கூடாது. நின்று முறைத்தால் கண்ணைத் தாழ்த்தி, தரையில் உட்கார்ந்து, இலையைக் கிள்ளிக்கொண்டு, ஏதோ தன் வேலையைப் பார்ப்பவர்போல இருக்க வேண்டும். தொலைத்துவிட்டால் விரல் முட்டி பதிந்த தடம், மென்று துப்பிய அத்திச் சக்கை, தூரத்துக் கூவல் என்று மறுபடி முதலிலிருந்து.

கொரில்லாக் குடும்பம் ஒன்றாகவே நகரும். ஒரு தடத்தைப் பிடித்தால் எல்லாரும் அங்கே இருப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டில் பழகியும்விடும். சிம்பன்சி அப்படியில்லை. இன்று பார்த்த ஐந்தும் நாளை ஐந்து திசையில் இருக்கும். ஆண்கள் முதலில் துணியும். குட்டியைச் சுமக்கும் தாய்கள் பல ஆண்டுகள் ஒதுங்கியே நிற்கும். அதனால்தான் பயணிகள் நுழைந்த பிறகும் பழக்கும் வேலை முடியவில்லை. இப்போது கிபாலேயில் அந்த வேலையையே ஒரு பயணமாக்கி, படுக்கையிலிருந்து எழுவதிலிருந்து மறுபடி படுக்கை கட்டும்வரை நாள் முழுக்கக் கூட நடக்க அனுமதிக்கிறார்கள். அதற்குக் கட்டணம் தனி.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1992-ல் கிபாலேக்குத் தெற்கே, யானைகள் நடமாடும் நிலத்தில் குடியேறிப் பயிர் செய்துவந்த ஆயிரக்கணக்கானவர்களை அரசு வெளியேற்றியது. பயணிகளுக்குக் கதவு திறந்த அதே ஆண்டு. அந்த மனக்கசப்பு எளிதில் ஆறுவதாக இல்லை. அதே ஆண்டு கிபாலேயை ஒட்டிய பிகோடி ஊர் மக்கள் ஒரு சங்கம் வைத்து, தங்கள் சதுப்பு நிலத்தைத் தாங்களே காத்து, பறவை பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கி ஊருக்குச் செலவிடத் தொடங்கினார்கள். இன்றும் அது நடக்கிறது. 1996-ல் வந்த வனவிலங்குச் சட்டம், பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றுப்புறத்துக்குப் போக வேண்டும் என்றது. யானை மிதித்த தோட்டத்துக்கு அது ஈடாகுமா என்று கேட்டால், தோட்டக்காரர் ஆகாது என்றுதான் சொல்வார்.

காட்டுக்குள்ளும் கண்ணி உண்டு. மானுக்கும் காட்டுப் பன்றிக்கும் வைத்த கம்பிக் கண்ணியில் சிம்பன்சியின் கை மாட்டிக்கொள்ளும். விரலோ மணிக்கட்டோ இல்லாத சிம்பன்சிகளைக் கிபாலேயில் பயணிகளே பார்க்கலாம். கண்ணி பொறுக்குவதற்கென்றே 1997 முதல் ஆட்கள் காட்டைச் சுற்றி வருகிறார்கள்.

சளியும் ஏழு மீட்டரும்

முகக்கவசம் இந்தக் கதையில் கடைசியாகச் சேர்ந்தது. டாயி காட்டில் 1999 முதல் 2006 வரை மூன்று தடவை மூச்சுத்திணறல் நோய் வந்து சிம்பன்சிகள் இறந்தன. உடல்களைப் பரிசோதித்ததில், மனிதர்களுக்குச் சளி, இருமல் தரும் இரண்டு வைரஸ்கள் கிடைத்தன. 2008-ல் அந்த ஆய்வு வெளியானது. சந்தேகமாக இருந்தது அதோடு நிரூபணமாயிற்று. அதே ஆய்வு மறுபக்கத்தையும் சொன்னது: ஆய்வாளர்கள் நடமாடும் பகுதியில் கள்ள வேட்டை குறைவு, குரங்குகள் அதிகம். மனிதன் வந்ததால் சாவும் வந்தது. மனிதன் வந்ததால் காவலும் வந்தது.

2013-ல் கன்யவாராவில் ஐந்து சிம்பன்சிகள் இறந்தன. காரணம், குழந்தைகளுக்குச் சாதாரணமாக வந்துபோகும் ஒரு வகை ரைனோ வைரஸ். நம் வீட்டில் மூக்கு ஒழுகி நான்கு நாளில் சரியாகிவிடும் சமாச்சாரம். 2016 டிசம்பரிலிருந்து 2017 தொடக்கம் வரை கிபாலேயின் இன்கோகோ கூட்டத்தில் 25 சிம்பன்சிகள் இறந்தன. இருநூறுக்குச் சற்று மேற்பட்டவை வாழ்ந்த, உலகில் அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய கூட்டம் அது. அங்கே பயணிகளுக்கு அனுமதி கிடையாது, ஆய்வாளர்கள் மட்டுமே. ஆகவே பழியை டிக்கெட் வாங்கியவர்மேல் மட்டும் போட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2010-ல் வாலில்லாக் குரங்குச் சுற்றுலாவுக்கு நெறிமுறை வகுத்தது. முகக்கவசத்தோடு ஏழு மீட்டர், இல்லாவிட்டால் பத்து மீட்டர். ஒரு கூட்டத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே தடவை. நோயாளி நுழையக் கூடாது. நீண்ட காலக் காவலுக்கு உறுதி இல்லாத இடத்தில் பழக்கவே கூடாது. 2020-ல் கொரோனா வந்தபோது பூங்காக்கள் மூடப்பட்டன. திறந்தபோது, அதுவரை பல இடங்களில் பேச்சளவில் இருந்த முகக்கவசம் கட்டாயமாயிற்று. சின்னக் குழந்தைகளை ஏன் விடுவதில்லை என்ற கேள்விக்கும் கன்யவாராவின் அந்த ஐந்து சாவுகள்தான் பதில்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

காங்கோ குடியரசின் வடகோடியில் குவாலூகோ முக்கோணம் என்று ஒரு காடு. ஆறுகளும் சதுப்பும் சூழ்ந்த, ஊர்களுக்கு எட்டாத இடம். 1999-ல் அங்கே ஆய்வு தொடங்கிய டேவ் மார்கனும் கிரிக்கெட் சான்ஸும் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். பல சிம்பன்சிகள் அவர்களைக் கண்டு ஓடவில்லை. கிளை தாழ இறங்கி வந்து எட்டிப் பார்த்தன. மற்றவற்றைக் கூவி அழைத்தன. நெடுநேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. மனிதன் என்ற விலங்கை அவை அநேகமாக அதற்குமுன் கண்டதில்லை.

ஆக, கொம்பேயில் ஐநூறு மீட்டரில் ஓடிய அச்சம் பிறவியில் வந்ததல்ல. துப்பாக்கியும் கண்ணியும் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்தது. நாமே ஊட்டிய அச்சத்தை நாமே பல ஆண்டு நடந்து நடந்து எடுத்தோம் என்பதுதான் இந்தப் பயணம் பிறந்த கதையின் சாரம். எடுத்த அச்சம் ஆள் பார்த்துப் போவதில்லை. டிக்கெட் வாங்கி ஏழு மீட்டரில் நிற்பவரையும் துப்பாக்கியோடு வருபவரையும் பழகிய சிம்பன்சி பிரித்தறியாது. கிபாலேயில் 250 டாலர் கொடுப்பவர் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கொடுப்பதாக நினைக்கலாம். உண்மையில் மற்ற இருபத்து மூன்று மணி நேரக் காவலுக்கும் சேர்த்தே அந்தப் பணம் தேவைப்படுகிறது.

ஜேன் குடால் 2025 அக்டோபர் 1-ஆம் தேதி, 91 வயதில் காலமானார். அவர் பெயரிட்டு எழுதிய குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் கொம்பேயில் இருக்கின்றன. பிறந்த நாளிலிருந்தே மனிதரைக் கண்டு வளர்ந்தவை. காட்டுச் சிம்பன்சி ஐம்பது வயதைத் தாண்டியும் வாழும். 1991-ல் கன்யாஞ்சுவில் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி ஒன்று இன்று இருந்தால் முப்பதைத் தாண்டியிருக்கும். அதன் குட்டிகளுக்கு ஓட வேண்டும் என்பதே தெரியாது. நன்கொடைத் திட்டங்கள் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று கணக்கிட்டுப் பணம் தருகின்றன. பழகிய கூட்டத்துக்கோ ஆயுள் முழுக்க, அதற்கடுத்த தலைமுறைக்கும் காவல் வேண்டும். எந்தக் காட்டிலாவது புதிதாக ஒரு கூட்டத்தைப் பழக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், எத்தனை பயணிகள் வருவார்கள் என்பதற்கு முன்னால், ஐம்பது ஆண்டுக்கு அங்கே காவலுக்கு யார் இருப்பார்கள் என்று கேட்க வேண்டும்.